பழைய டிராக்டருக்கு எந்தக் கேம்? – கேள்வி பதில்

டெல்டாப் பகுதியில் பழைய டிராக்டர் என்ஜின்களைப் பிரித்துக் கட்டும் வேலையில் இருக்கிறேன். வால்வுகளைத் திறந்து மூடும் மேடுகள் கொண்ட தண்டான கேம் ஷாஃப்டை அரைத்துச் சீராக்கும் கிரைண்டிங் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் அளிக்கிறேன்.

மன்னார்குடி: 3 சிலிண்டர் பெர்கின்ஸ் என்ஜின் உள்ள பழைய மாஸ்ஸி ஃபெர்குசன் 35-ஐ முழுதாகப் பிரித்திருக்கிறோம். கேமை கிரைண்ட் செய்யும்போது, இழுவை கூடுவதற்காக வால்வு அதிக நேரம் திறந்திருக்கும்படி மாற்றிக்கொள்ளலாமா ஐயா?

வேண்டாம். இன்டேக் வால்வு, பிஸ்டன் கீழ் எல்லையைத் தொட்டதும் மூடிவிடுவதில்லை. பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கிய பிறகுதான் மூடுகிறது. என்ஜின் வேகமாகச் சுழலும்போது, விரைந்து வரும் காற்று அந்த வேகத்திலேயே தொடர்ந்து உள்ளே நுழைவதால் இந்தத் தாமதம் நன்மை தருகிறது. மெதுவாகச் சுழலும்போதோ, ஏறிவரும் பிஸ்டன் அதே காற்றை வந்த வழியே வெளியே தள்ளிவிடும். குறுவை நடவுக்காகக் கேஜ் வீல் என்னும் இரும்புச் சக்கரம் மாட்டிச் சேற்றில் இறங்கும் வண்டி, களி இறுகிப் பிடிக்கும் இடத்தில் நிமிடத்துக்கு 1,200 சுழற்சிக்குத் தாழ்ந்து, அங்கே நின்று இழுத்தாக வேண்டும். நீங்கள் கேட்கும் கேம் கைவிடும் இடம் அதுவே. அது பலன் தரும் வேகத்தை எட்டுவதற்குள், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் டீசலைக் குறைத்துவிடும்.

மேலும், டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் சூடுதான் டீசலைப் பற்றவைக்கிறது. வால்வு தாமதித்து மூடினால் அழுத்தம் குறையும். மார்கழிக் காலையில் பேட்டரி தீரும்வரை கிராங்க் சுற்றிக்கொண்டிருப்பீர்கள். பிஸ்டன் உச்சிக்கும் ஹெட்டுக்கும் இடையே உள்ள இடைவெளியும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் என்பதால், மேல் எல்லையில் வால்வு அதிகம் திறந்திருந்தால் பிஸ்டன் அதை இடிக்கும். கம்பெனி அளவிலேயே கிரைண்ட் செய்யுங்கள். கேமின் மேல் உட்கார்ந்து அதன் அசைவை வால்வுக்குக் கடத்தும் டேப்பட்டுகளையும் புதிதாகவே போடுங்கள்.

திருவாரூர்: கேம் தேய்ந்துவிட்டதா என்று எப்படி அறிவது?

ஷாஃப்ட் வெளியே இருந்தால், ஒவ்வொரு லோப்பிலும், அதாவது கேம் மேட்டிலும், அடியிலிருந்து மூக்கு எனப்படும் உச்சி வரையுள்ள உயரத்தையும், மேடு இல்லாத வட்டப் பகுதியான அடிவட்டத்தின் விட்டத்தையும் மைக்ரோமீட்டரில் அளந்து கழியுங்கள், மிஞ்சுவது லிஃப்ட், அதாவது கேம் தூக்கும் உயரம். இன்டேக் லோப்களை ஒன்றோடொன்றும், எக்ஸாஸ்ட் லோப்களைத் தனியாகவும் ஒப்பிடுங்கள். சென்ற ஆண்டு என்னிடம் வந்த ஒரு ஷாஃப்டில் இரண்டு இன்டேக் லோப்கள் ஒத்திருக்க, மூன்றாவது முக்கால் மில்லிமீட்டர் குறைந்திருந்தது. அதன் மேல் இருந்த டேப்பட்டைத் திருப்பிப் பார்த்தபோது, மற்றவற்றில் வட்டமாகப் பளபளத்த முகத்தில், இதில் மட்டும் நேர்க்கோடாக ஒரு பள்ளம். டேப்பட் தன்னைத்தானே சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். அதற்காகவே லோப்பை மிகச் சிறிய சரிவோடும் டேப்பட் முகத்தைச் சற்றே குவிந்தும் செய்கிறார்கள். சுழற்சி நின்றால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். ஆகவேதான் புதிய கேமின் மேல் பழைய டேப்பட்டை வைக்காதீர்கள் என்கிறேன்.

கும்பகோணம்: ஃபெர்குசன் டி.இ.20 பெட்ரோல் வண்டிக்கும் இதே பதில்தானா?

ஏறத்தாழ. பெட்ரோலில் ஸ்பார்க் இருப்பதால் ஸ்டார்ட் ஆவதில் இவ்வளவு சிக்கல் இராது. எனினும் 1946 முதல் 1956 வரை 5 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட அந்த வண்டி மெதுவாக இழுப்பதற்கென்றே அமைந்தது.

ஒரத்தநாடு: நீங்கள் சொல்வதை ஏற்க முடியவில்லை. எங்கள் சித்தப்பா வண்டிக்கு லேத் பட்டறையில் 'வேகக் கேம்' போட்டார்கள். அதன் பிறகு தாளடி உழவில் வண்டி பறக்கிறது.

அதே சமயத்தில் லைனர் (சிலிண்டரின் உள்குழாய்), பிஸ்டன், நாசில் (டீசலைத் தெளிக்கும் முனை) மாற்றினார்களா? டீசல் பம்பைக் கேலிபரேஷனுக்குக் கொடுத்தார்களா?

ஒரத்தநாடு: எல்லாம் செய்தோம். ஆனால் வித்தியாசம் கேமினால்தான்.

தம்பி, தேய்ந்த லைனரும் ஒழுகும் நாசிலும் மாறியபின் எந்த வண்டியும் பறக்கும். கிரைண்டிங் என்பது மூக்கில் உலோகம் சேர்ப்பதன்று. அடிவட்டத்தைக் குறைத்து வடிவத்தைப் புதிதாக வெட்டுவது. கடினப்படுத்திய மேல்தோல் மெல்லியது. அதற்குக் கீழே வெட்டியிருந்தால் இரண்டு போகம் பறக்கும், மூன்றாவதில் தட்டும்.

பட்டுக்கோட்டை: கேமை மாற்றிய பின் ஐட்லிங்கில் ஓடவிடலாமா?

கூடாது. லோப்பில் கேம் பேஸ்ட் தடவி, ஸ்டார்ட் ஆனவுடன் 1,500 சுழற்சிக்கு மேல் ஏற்றி இருபது நிமிடம் வைத்திருங்கள். ஐட்லிங்கில் எண்ணெய் போதுமான அளவு தெளிக்காது.

மயிலாடுதுறை: டிராக்டரின் பின்னால் கலப்பையைத் தூக்கும் லிஃப்ட் கை தூக்கவில்லை ஐயா.

அது ஹைட்ராலிக் பிரச்சினை, கேமுக்குத் தொடர்பில்லை.

நன்னிலம்: கேமை மட்டும் மாற்றிவிட்டு, நல்ல நிலையில் உள்ள பழைய டேப்பட்டுகளை வைத்துக்கொள்ளலாமா?

மேலே இரண்டு முறை சொல்லிவிட்டேன். வைத்துக்கொள்ளலாகாது.

ஒரத்தநாடு: நான் சொன்னதை நிரூபிக்கிறேன். அறுவடை முடியட்டும், என்ஜினைத் திறந்து ஷாஃப்டையே எடுத்து வருகிறேன்.

என்ஜினைத் திறக்க வேண்டாம். என்ஜினின் மேல் உள்ள ராக்கர் மூடியைக் கழற்றி, டேப்பட்டிலிருந்து மேலே வரும் புஷ் ராட் கம்பியின் தலையில், அசைவை அளக்கும் டயல் கேஜை வைத்துக் கிராங்கைக் கையால் சுற்றினால் லிஃப்ட் தெரிந்துவிடும்; இன்டேக் வால்வு எந்தக் கோணத்தில் மூடுகிறது என்பதை ஃப்ளைவீலில் குறித்துக்கொள்ளலாம். வண்டியை நிறுத்தி வையுங்கள், டயல் கேஜை நான் கொண்டு வருகிறேன்.