மேல்வீட்டுக்காரர் கையெழுத்துப் போடாவிட்டால் வீடு கட்ட முடியாதா?

கேள்வி: ஹட்டன் நகரில் எனக்கு 12 பேர்ச் காணி இருக்கிறது. பின்பக்க மண்மேட்டைப் பத்தடி வெட்டினால்தான் வீடு கட்ட இடம் வரும். மேட்டின் மேலே குடியிருப்பவர், “எனக்கு அறிவிக்காமல் பிளானைக் கொடுத்துவிட்டாய், பெட்டிஷன் போடுவேன்” என்கிறார். அவருடைய சம்மதம் கட்டாயமா?

பதில்: கட்டாயமில்லை என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் அந்த வரியை நம்பி நாளைக்கே மண்வெட்டியை எடுத்தீர்களானால், வழக்கு உங்கள் வாசலுக்கு வந்துவிடும்.

சாதாரணக் குடியிருப்பு வீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது அயலவரின் சம்மதம் பொதுவான சட்ட நிபந்தனை அல்ல. பொதுச் சுவரோ பொதுப் பாதையோ இருந்தால், அனுமதி தரும் உள்ளூராட்சி சபை அயலவரின் கடிதத்தைக் கேட்கலாம். சூழல் தாக்க மதிப்பீடு தேவைப்படும் பெருந்திட்டங்களின் கதை வேறு. அவற்றின் அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டு, கருத்துச் சொல்ல 30 நாட்கள் கொடுக்கப்படும். உங்கள் வீடு அந்த வகையில் சேராது.

உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை. நுவரெலியா மாவட்டத்தில் அது இல்லாமல் சபையில் கோப்பு நகராது. 2014 ஒக்டோபர் 29இல் பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் நடந்த மண்சரிவை மறக்காத மலையகத்தில், காலுக்குக் கீழே மேடு வெட்டும் சத்தம் கேட்டு ஒருவர் பயப்படுவதை வீண்வம்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அவருடைய பயத்துக்குச் சட்டத்திலும் இடமுண்டு. நம் நாட்டு ரோமன்-டச்சுச் சட்டப்படி, ஒருவருடைய நிலத்தைப் பக்கத்து நிலம் தாங்கி நிற்கவேண்டும். நீங்கள் வெட்டியதால் அவருடைய மண் சரிந்தால், “சபை அனுமதி தந்தது” என்ற பதில் உங்களைக் காப்பாற்றாது. சபையின் அனுமதி உங்களுக்கும் சபைக்கும் இடையிலானது. அவருடைய உரிமையை அது அழிக்காது. அவர் மாவட்ட நீதிமன்றத்தில் தடையுத்தரவு கேட்டால், பாதி வெட்டிய மேட்டோடு மழைக்காலம் முழுவதும் நீங்கள் காத்திருக்க நேரிடும். அந்தத் தாங்குரிமை வெறும் நிலத்துக்குத்தானா, அதன்மேல் ஏறியிருக்கும் வீட்டின் பாரத்துக்குமா என்று வக்கீல்கள் வாதாடலாம்தான். அந்த வாதத்துக்கு உங்கள் செலவில் இடம் கொடுக்காதீர்கள்.

ஆகவே அறிவியுங்கள், எழுத்திலேயே. எந்த எல்லைக்கல்லிலிருந்து எத்தனை அடி தள்ளி, எவ்வளவு ஆழம் வெட்டப்போகிறீர்கள், தாங்குசுவர் எப்போது எழும், அவருடைய குசினித் தண்ணீர் எந்தக் கானில் இறங்கும் என்ற விவரங்களோடு பிளானின் பிரதி ஒன்றையும் வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அவர் கையெழுத்துப் போட மறுத்தாலும் பரவாயில்லை. அறிவித்ததற்குத் தபால் ரசீது சாட்சி. எப்படியும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அவர் சபையிடம் தகவல் கேட்கலாம். அதைவிட உங்கள் கையால் கொடுப்பது மேல்.

அனுமதி கைக்கு வருமுன் ஒரு கூடை மண்ணையும் எடுக்காதீர்கள். நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் பொருந்தும் இடத்தில் அனுமதியில்லாத கட்டடத்தை இடிக்க நீதவான் நீதிமன்றம் கட்டளையிடலாம்.

கடிதத்தை அனுப்புவதற்கு முன் இன்னொன்று செய்யுங்கள். அவருடைய குசினிச் சுவரில் ஏற்கெனவே உள்ள வெடிப்புகளை, அவர் சம்மதித்தால் அவரையும் பக்கத்தில் நிறுத்தி, திகதியோடு படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.