ஈறில் ரத்தம்: கிருமி டெஸ்ட்டும் மாத்திரையும் தேவையா?

கேள்வி: வயது 41. நான்கு மாதமாகப் பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது, வலி இல்லை. மருந்துக் கடையில் கேட்டு ஐந்து நாள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டதும் நின்றது. மூன்று வாரத்தில் மறுபடியும் ஆரம்பித்துவிட்டது. எச்சிலை டெஸ்ட் செய்து, எந்தக் கிருமி என்று பார்த்து மருந்து எடுக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: டெஸ்ட் வேண்டாம், இன்னொரு கோர்ஸ் மாத்திரையும் வேண்டாம். ஈறை அளந்து பார்க்கிற பல் மருத்துவரிடம் போங்கள்.

வாயில் நூற்றுக்கணக்கான வகை பாக்டீரியாக்கள் எப்போதும் இருக்கும். இருப்பதால் நோய் வருவதில்லை. ஈறோரத்தில் கலைக்கப்படாமல் கிடப்பதால்தான் வருகிறது. துலக்கிய சில மணி நேரத்திலேயே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகள் பல்லில் ஒட்டத் தொடங்கும். அவற்றின் மேல் ஃபியூசோபாக்டீரியம் ஏறிக்கொண்டு, பின்னால் வருபவற்றுக்குப் பிடிமானம் கொடுக்கும். காற்றுப் புகாத ஈறு இடுக்கில் கடைசியாகக் குடியேறுவது போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் போன்றவை. இதற்கு ரத்தத்திலுள்ள இரும்புச்சத்து தேவை. ஈறு வீங்கிக் கசியக் கசிய அதற்குத்தான் கொண்டாட்டம். 1965-இல் பல் ஆராய்ச்சியாளர் ஹரால்டு லோ குழுவினர் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமான ஈறுள்ள 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினார்கள். 10 முதல் 21 நாளுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. திரும்பத் துலக்கத் தொடங்கியதும் ஒரு வார அளவில் சரியானது. மாத்திரை எதுவும் கொடுக்கவில்லை.

உங்கள் மாத்திரை ஏன் பலிக்கவில்லை? பல்லில் படியும் பிளேக், தொட்டிச் சுவரில் பிடித்த பாசி மாதிரி. மேலே மருந்தை ஊற்றினால் போகாது, தேய்த்தால்தான் போகும். பிசின் போன்ற அந்தப் படலத்துக்குள் இருக்கும் கிருமிகளை ஆன்டிபயாடிக் முழுதாக அழிக்காது. எண்ணிக்கை குறைந்ததால் ரத்தம் நின்றது. படலமும், அது கெட்டிப்பட்டு உண்டாகும் காரையும் அங்கேயே இருந்ததால் திரும்பியது. சீட்டே இல்லாமல் ஐந்து நாள் மருந்தை எடுத்துக் கொடுப்பவர்களுக்கு உங்கள் வாயில் என்ன நடக்கிறது என்று தெரியாது. இன்னொரு நாள் நிஜமான தொற்று வரும்போது அதே மருந்து கேட்காமல் போகலாம்.

டெஸ்ட் விஷயம் இன்னும் மோசம். அந்தக் கிருமிகள் ஆரோக்கியமான வாயிலும் கிடைக்கும். ரிப்போர்ட்டில் எந்தப் பெயர் வந்தாலும் உங்களுக்கான முதல் சிகிச்சை ஒன்றேதான்: காரையைச் சுரண்டி எடுக்கும் ஸ்கேலிங், தேவைப்பட்டால் ஈறுக்கு அடியில் வேரைச் சுத்தம் செய்வது. டெஸ்ட் எடுக்கச் சொல்பவரே அதற்கான மவுத்வாஷையும் புரோபயாட்டிக் மாத்திரையையும் சேர்த்து விற்கிறாரா என்று பாருங்கள். விற்றால், அது வியாபாரம்.

ஆன்டிபயாடிக் உண்மையிலேயே தேவைப்படும் நிலையும் உண்டு. பல்லுக்குப் பல் இடையிலுள்ள ஈறு நுனி அரித்து, குழிந்து, சாம்பல் நிறப் படலம் மூடியிருக்கும். கடும் வலி, தானாகவே ரத்தம், தாங்க முடியாத நாற்றம். இது ஈறு அழுகல் நோய். காய்ச்சலோ கழுத்தில் நெறிகட்டோ சேர்ந்தால் மெட்ரோனிடசோல் போன்ற மருந்தை மருத்துவர் எழுதுவார். அப்போதும் சுத்தம் செய்வது முதலில், மருந்து அதற்குத் துணை. சீழ்க்கட்டியோடு முகம் வீங்கிக் காய்ச்சல் அடித்தாலும் அப்படியே. சீழை வெளியேற்றாமல் மாத்திரை மட்டும் போட்டால் அடங்கியது போலிருந்து திரும்ப வரும். வலியே இல்லாமல் துலக்கும்போது மட்டும் கசிவது இந்த வகையில் சேராது.

மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும்? மெல்லிய அளவுக் கம்பியை ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடத்தில் வைத்து ஆழம் பார்ப்பார்கள். 3 மி.மீ. வரை இயல்பு. 4-ம் அதற்கு மேலும் என்றால் பல்லுக்கும் ஈறுக்கும் இடையே பை போல ஆழமான இடுக்கு, அதாவது பாக்கெட், விழுந்திருக்கிறது. 6, 7 என்றால் எலும்பு கரைந்திருக்க வாய்ப்பு அதிகம், எக்ஸ்ரே தேவை. சில நிமிட வேலை இது. இதைச் செய்யாமலே நாற்காலியில் உட்கார வைத்து, மேலாகச் சுரண்டி, 'க்ளீனிங் முடிஞ்சுது' என்று அனுப்பிவிடுகிறார்கள். பல்லை வெள்ளையாக்கும் பேக்கேஜுக்கு நேரம் இருக்கிறது, ஈறை அளக்க இல்லை. அளந்த எண்களை எழுதித் தரச் சொல்லுங்கள். சர்க்கரை அளவையும் பார்த்துவிடுங்கள். அது கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு சரியாக ஆறாது.

ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும் என்பார்கள், நம்பாதீர்கள். காரை அடைத்திருந்த இடம் காலியாகி, வீக்கமும் வற்றுவதால் இடைவெளி தெரியும். சில வாரம் கூச்சம் இருக்கலாம்.

வீட்டில் மென்மையான பிரஷை ஈறோரத்தில் 45 டிகிரி சாய்த்து, சின்னச் சின்ன அசைவாக இரண்டு நிமிடம், இரண்டு வேளை துலக்குங்கள். பல்லிடுக்குக்குத் தனிக் குட்டி பிரஷ் இரவில் ஒருமுறை போதும். லேசாக உரசிக்கொண்டு நுழைகிற அளவு சரி, திணிக்க வேண்டியிருந்தால் ஒரு அளவு குறையுங்கள். முதல் வாரம் ரத்தம் வரும். பயந்து அந்த இடத்தை விட்டுவிடுவதுதான் பலரும் செய்கிற தப்பு. குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் மருத்துவர் சொன்னால் மட்டும், இரண்டு வாரம். பேஸ்ட் போட்டு அரை மணி கழித்துக் கொப்பளியுங்கள், இல்லாவிட்டால் பேஸ்ட்டின் நுரைப்பொருள் மருந்தின் வேலையைக் கெடுக்கும். அதிக நாள் போட்டால் பல்லில் பழுப்புக் கறை பிடிக்கும். ஆழமான பாக்கெட்டுக்குள் அது போகவும் போகாது.

எட்டு முதல் பன்னிரண்டு வாரத்தில் திரும்ப அளக்க வேண்டும். அவர்கள் கூப்பிட மாட்டார்கள், தேதியை நீங்களே கேட்டு வாங்குங்கள். அப்போதும் 6 மி.மீ. பாக்கெட்டில் ரத்தம் கசிந்தால், எண்கள் எழுதிய தாளோடு ஈறு சிறப்பு மருத்துவரைப் பாருங்கள்.