இரண்டு கிர்ஸ்டன்கள்

வணக்கம் ஐயா,

யாழ்ப்பாணத்தில் பிறந்தவள் நான். இப்போது டென்மார்க்கில், ஹெர்னிங்கில் இருக்கிறேன். மருமகள் டேனிஷ் பிள்ளை. பேத்திக்காகக் குடும்ப வரலாறு ஒன்று எழுதுகிறேன். எங்கள் பக்கம் முடிந்துவிட்டது. மருமகளின் முன்னோரைத் தேடி யூட்லாந்தின் பழைய தேவாலயப் பதிவேடுகளைப் பார்த்தேன். கிர்ஸ்டன் நீல்ஸ்டாட்டர் என்ற பெயரில் 1824இல் ஒரு ஞானஸ்நானம், 1827இல் இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே தாய் தகப்பன். தகப்பன் பெயர் நீல்ஸ் கிறிஸ்டென்சன். மகளுக்கு ஏன் அந்தப் பெயர் இல்லை? பாதிரியார் பிழையாக எழுதிவிட்டாரா? எதை நான் எடுப்பது?

ச., ஹெர்னிங்

அன்புள்ள ச.,

பெயரில் பிழை இல்லை. நீல்ஸின் மகன் நீல்சன், மகள் நீல்ஸ்டாட்டர். நீல்ஸோ கிறிஸ்டனின் மகன், அதனால் கிறிஸ்டென்சன். அப்பா பெயரை நாம் முன்னால் எழுதுகிறோம், அவர்கள் பின்னால் ஒட்டினார்கள், அவ்வளவுதான். மாறாத குடும்பப் பெயர் வேண்டும் என்று 1828இல் அரசாணை வந்தபிறகும் கிராமங்கள் நெடுங்காலம் பழைய வழக்கத்தை விடவில்லை. கல்யாணம் ஆன பெண்ணையும் பெரும்பாலும் பிறந்த பெயரிலேயே எழுதினார்கள். கிர்ஸ்டனின் பிற்காலத்தைத் தேடும்போதும் நீல்ஸ்டாட்டர் என்றே தேடுங்கள்.

இரண்டு பதிவும் உண்மையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். குழந்தை இறந்தால் அதே பெயரை அடுத்து வரும் பிள்ளைக்கு வைப்பது அங்கே சாதாரணம். ஆகவே 1824க்கும் 1827க்கும் இடைப்பட்ட மரணப் பக்கங்களைத் திறங்கள். 1814 முதல் கட்டம் போட்ட படிவங்கள் வந்துவிட்டன. ஆண், பெண் தனித்தனிப் பக்கங்கள். பெண்கள் பக்கத்தில் பெயர், இறந்த நாள், அடக்கம் செய்த நாள், வயது எல்லாம் இருக்கும். கோதிக் என்ற பழைய பாணிக் கையெழுத்தில் 'e' எழுத்தும் 'n' எழுத்தும் ஒன்றுபோலத் தெரியும், பொறுமையாகப் படியுங்கள். அந்தப் பாதிரியார் எழுதிய வேறு பெயர்களோடு ஒப்பிட்டால் கண் பழகிவிடும்.

மரணப் பதிவு கிடைக்காவிட்டால் அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். பாட்டிமார் பெயரைப் பிள்ளைகளுக்கு வைக்கும் வழக்கமும் இருந்தது. இரண்டு பாட்டிகளுமே கிர்ஸ்டன் என்றால், அக்காவும் தங்கையும் ஒரே பெயரோடு உயிரோடு வளர்ந்திருக்கலாம். அப்போது கைகொடுப்பது உறுதிபூசுதல் பதிவு, அதாவது ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை வளர்ந்தபின் தன் விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்கின் பதிவு. ஏறக்குறைய பதினான்கு வயதில் நடக்கும். பிறந்த நாளும் பெற்றோர் பெயரும் இருக்கும், பெரியம்மைத் தடுப்பூசி போட்ட நாளும் இருக்கும். 1810 முதல் ஊசி போடாதவர்களுக்கு உறுதிபூசுதல் கிடையாது என்பதால் அந்தக் கட்டத்தை விடாமல் நிரப்பினார்கள்.

படம் மங்கியிருந்தால் இரண்டாம் பிரதியைத் தேடுங்கள். 1814க்குப் பிறகு பாதிரியாரிடம் ஒன்று, ஊர்ப் பள்ளி ஆசிரியரான தேவாலய எழுத்தரிடம் ஒன்று என இரண்டு புத்தகங்கள். இரண்டும் ஒரே கூரையின் கீழ் ஓர் இரவுகூட இருக்கக் கூடாது என்பது விதி. தீப்பிடித்தால் ஒன்றாவது மிஞ்ச வேண்டுமே! இந்த விதியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதர்கள்மேல் மரியாதை வருகிறது. தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இந்தப் பக்கங்களை இலவசமாகப் பார்க்கலாம்.

இன்னொன்று. ஞானஸ்நானப் பதிவின் கடைசியில் சாட்சிகளின் பெயர்கள் நெருக்கமாக எழுதப்பட்டிருக்கும். அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். குழந்தையைக் கையில் ஏந்தி நின்ற பெண் பெரும்பாலும் நெருங்கிய உறவு, தாயின் தங்கையாகக்கூட இருக்கலாம். அவளுடைய ஊரையும் எழுதியிருந்தால் தாய்வழிக் குடும்பத்துக்கு வழி கிடைத்துவிடும். அதோடு 1845 மக்கள்தொகைக் கணக்கையும் பாருங்கள். ஒவ்வொருவரும் எந்தத் திருச்சபை வட்டத்தில் பிறந்தார் என்று முதன்முதலில் கேட்டு எழுதியது அதில்தான்.

முதல் கிர்ஸ்டன் இறந்துவிட்டாள் என்று தெரியவந்தால், பேத்தியின் புத்தகத்தில் அவளையும் சேருங்கள். தங்கைக்குப் பெயர் தந்தவள் அவள். வாழ்ந்தது சில மாதங்களே என்றாலும் பிறந்த நாள், இறந்த நாள் இரண்டையும் எழுதுங்கள். மரணப் பக்கத்தைப் படிக்க முடியாவிட்டால் படத்தை எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து படித்துப் பார்ப்போம்.