குழு சேர்த்துக் காரணி வடிகட்டல்: கேள்வி பதில்

கேள்வி: ஒரு சோதனையின் விளைவை மாற்றக்கூடிய 45 காரணிகள்; எவை உண்மையில் வேலை செய்கின்றன என்று வடிகட்ட வேண்டும். நேரடியாகச் செய்தால் 48 ஓட்டம் (சோதனையை ஒருமுறை நடத்துவது ஓர் ஓட்டம்) வேண்டும், அதற்கு வசதியில்லை. குழு சேர்த்தால் எவ்வளவு மிச்சம்?

பதில்: ஐந்தைந்தாக 9 குழு. 12 ஓட்டப் பிளாக்கெட்-பர்மன் அட்டவணையில் (ஒவ்வோர் ஓட்டத்திலும் எதை எந்த மட்டத்தில் வைப்பது என்று +, − குறிகளால் சொல்வது) 11 பத்தி உண்டு. 9இல் குழுக்களை வைத்து, 2ஐக் காலியாக விடுங்கள். பிழையை மதிப்பிட அவை உதவும். பத்தியில் + என்றால் குழுவின் ஐந்து காரணிகளும் சேர்ந்து உயர்மட்டம், − என்றால் ஐந்தும் தாழ்மட்டம். 2 குழு தேறினால், அதாவது விளைவு காட்டினால், அவற்றின் 10 காரணிகளையும் தனித்தனியே சோதிக்க இன்னொரு 12 ஓட்டம், மொத்தம் 24. 7 குழு தேறினாலோ 35 காரணிக்கு 36 ஓட்டம், முன்னதோடு சேர்த்து அதே 48! வேலை செய்யும் காரணிகள் சிலவே என்ற நம்பிக்கை இல்லாதவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

குறியில் கவனம். விளைவைக் கூட்டும் என்று நீங்கள் எதிர்பார்க்கும் பக்கமே உயர்மட்டம். எண் பெரிதான பக்கமல்ல. +8, −7 என விளைவு தரும் இரு காரணிகள் ஒரே குழுவில் விழுந்தால் 1 மட்டுமே தெரியும். இரண்டையும் தூக்கி எறிந்துவிடுவீர்கள்.

கேள்வி: எந்தப் பக்கம் கூட்டும் என்றே தெரியவில்லையே?

பதில்: அந்தக் காரணியைத் தனிக் குழுவாக வையுங்கள்.

கேள்வி: டார்ஃப்மன் 1943 சூத்திரப்படி குழு அளவு போடலாமா?

பதில்: அது இரத்த மாதிரிகளைக் கலந்து ‘உண்டு, இல்லை’ என்று பார்ப்பதற்கு. 1% பாதிப்புக்கு 11 பேர் என்று வரும். அங்கே குறியும் இல்லை, அளவீட்டுப் பிழையும் இல்லை. காரணிகளுக்கு வாட்சன் 1961இல் தந்த வடிவத்தைப் பாருங்கள்.

கேள்வி: குழுவுக்குள் இடைவினை (ஒரு காரணியின் விளைவு இன்னொன்றின் மட்டத்தைப் பொறுத்து மாறுவது) இருந்தால் குழு விளைவே கெட்டுப்போகுமே?

பதில்: கெடாது. இரு காரணிகளும் சேர்ந்தே மாறுவதால் அவற்றின் குறிகளின் பெருக்கல் எப்போதும் +1, சராசரியோடு கலந்துவிடும்.

மறுப்பு: அப்படியானால் இடைவினையை மறந்துவிடலாம்!

பதில்: அவசரப்படாதீர்கள். கலந்துவிடும் என்றால் கண்ணுக்குத் தெரியாது என்றுதான் பொருள். தனித்தனியே விளைவில்லாமல், சேர்ந்தால் மட்டும் வேலை செய்யும் இணை முதல் கட்டத்திலேயே ஒழிந்துபோகும். வெவ்வேறு குழுக்களுக்கு இடையிலான இடைவினைதான் முதன்மை விளைவுகளை, அதாவது ஒவ்வொன்றும் தனியே தரும் விளைவை, கறைப்படுத்துவது. அதற்கு 12 ஓட்டங்களின் குறிகளையும் முழுதாகப் புரட்டி இன்னொரு 12 போடுங்கள். இருகாரணி இடைவினைகள் முதன்மை விளைவுகளை விட்டு விலகும். சந்தேகமான இணையை ஒரே குழுவில் போட்டால், குழு தேறும்போது இரண்டும் சேர்ந்தே அடுத்த கட்டத்துக்கு வரும்.

கேள்வி: உயர்மட்டம் என்றால் பெரிய எண்தானே?

பதில்: முதல் பதிலை மறுபடி படியுங்கள்.

கேள்வி: கணினி உருவகத்தில் 300 காரணிகள்?

பதில்: தொடர் இருகூறாக்கம், அதாவது விளைவு காட்டும் குழுவை மட்டும் இரண்டிரண்டாகப் பிளந்துகொண்டே போவது. குறி நிபந்தனை அங்கேயும் உண்டு.

கேள்வி: முதல் கட்டத்தில் தேறாத குழுக்களை எந்த மட்டத்தில் நிறுத்துவது?

பதில்: மலிவான மட்டத்தில். இரண்டாம் கட்டம் முடியும்வரை மாற்றாதீர்கள்.