பக்கத்துப் படத்தைக் கேளுங்கள்

கேள்வி: திருச்சியில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு போட்டோகிராஃபி குழு வைத்திருக்கிறோம். ஞாயிறு காலையில் காந்தி மார்க்கெட், பெரிய கடை வீதி, தெப்பக்குளம் பக்கம் சுற்றிப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவோம். மூத்தவன் என்பதால் கருத்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. போன மாதம் ஒரு கல்லூரிப் பையன், மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவரின் படம் போட்டான். படம் சாய்ந்திருக்கிறது, தலைக்குப் பின்னால் மின்கம்பம் முளைத்திருக்கிறது, ஷட்டர் வேகம் போதாமல் ஆள் கலங்கித் தெரிகிறார், ஆளை நடுவில் வைத்திருக்கக் கூடாது என்று எழுதினேன். அதற்கப்புறம் அவன் படமே போடுவதில்லை. நான் சொன்னதில் தப்பில்லையே? மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?

பதில்: நாலுமே சரியாக இருக்கலாம். ஆனால் அந்த நாலையும் வைத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு அவன் என்ன செய்வான்? மூட்டை தூக்குகிறவர் இவனுக்காக நிற்கப்போவதில்லை. கிடைப்பது ஒரு நொடி, மிஞ்சினால் இரண்டு. அதற்குள் நாலையும் கவனிப்பது கை பழகியவர்களுக்கே சிரமம். ஒரு படத்துக்கு ஒரு குறை போதும். அதுவும் அவன் அடுத்த முறை திருத்தக்கூடியதாக இருக்க வேண்டும்.

உங்கள் நாலையே எடுத்துக்கொள்வோம். சாய்வை விடுங்கள், போனிலேயே நிமிர்த்திக்கொள்ளலாம். ‘நடுவில் வைக்காதே’ என்பது பயிற்சி வகுப்பு முதல் நாள் பாடம், தெருவில் அதற்குப் பெரிய மதிப்பில்லை. ஷட்டர் விஷயத்தில், அவன் எதில் எடுத்தான் என்று கேட்டீர்களா? வெளிச்சம் குறைந்த மண்டிக்குள் போன் கேமரா தானாகவே ஷட்டர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ஆள் கலங்கித்தான் தெரிவார். தனிக் கேமரா என்றால் ஒரு வரி சொல்லலாம்: நடக்கிறவருக்கு ஷட்டர் 1/250 நொடி, விரைகிறவருக்கு 1/500, வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் ஐஎஸ்ஓவை 3200 வரை ஏற்று, படத்தில் புள்ளி விழுந்தால் விழட்டும். அதையும் வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அது படத்தைச் சுருக்கி அனுப்புகிறது, ஷட்டர், ஐஎஸ்ஓ விவரமும் அதோடு போய்விடும். டாக்குமென்டாக அனுப்பினால் இரண்டும் அப்படியே வரும்.

மிச்சம் கம்பம். சொல்லவேண்டியது அதைத்தான். ஓர் அடி நகர்ந்து நின்றிருந்தால் கம்பம் தலையை விட்டு விலகியிருக்கும். காலால் செய்கிற திருத்தம், நாளைக்கே செய்துபார்க்கலாம்.

குறைக்கு முன்னால் இன்னொரு வரி எழுதுங்கள்: உங்கள் கண் முதலில் எங்கே போனது என்று. ‘மூட்டையை விட அவர் கழுத்து நரம்புதான் எனக்கு முதலில் தெரிந்தது’ என்கிற மாதிரி. இது பாராட்டு இல்லை, தகவல். அவன் காட்ட நினைத்தது அந்தக் கழுத்தைத்தான் என்றால் படம் வேலை செய்திருக்கிறது. கம்பத்துக்குத்தான் கண் போனது என்றால் அதை எழுதுங்கள், குறை என்ன என்று அவனே கண்டுபிடித்துவிடுவான். ‘அருமை’, ‘செம’ என்று கட்டைவிரல் தூக்குகிறவர்களாலும் அவனுக்குப் பயனில்லை.

இதைவிடப் பெரிய விஷயம், ஒற்றைப் படத்தை வைத்து யாருக்கும் எதுவும் சொல்ல முடியாது. முன்னாலும் பின்னாலும் எடுத்ததைக் கேளுங்கள். ஃபிலிம் காலத்தில் 36 படச் சுருளை ஆறு ஆறாக வெட்டி, எல்லாவற்றையும் சின்னச் சின்னதாக ஒரே தாளில் அச்சிட்டுக் கான்டாக்ட் ஷீட் போடுவோம். அதைப் பார்த்தால் ஆள் எப்படி நடந்தான், எங்கே பயந்து திரும்பினான் எல்லாம் தெரியும். இப்போது போன் கேலரியில் விரலைத் தள்ளினால் போதும், ஆனால் யாரும் கேட்பதில்லை. கேட்டால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று தெரியவரும். ஒரே ஒரு கிளிக் அடித்துவிட்டு ஓடியிருப்பான், அல்லது நல்ல படம் பக்கத்திலேயே இருக்க மோசமானதைத் தேர்ந்தெடுத்திருப்பான். நெரிசலில் நெஞ்சு படபடக்க எடுத்தது அவனுக்கு நினைவிருக்கும், அந்த நினைவில்தான் தேர்ந்தெடுக்கிறான், பார்க்கிற நமக்கு அது தெரியாது. அமெரிக்கத் தெருக்களை எடுத்த கேரி வினோகிராண்ட், அந்த நினைவு மங்கட்டும் என்றே சுருள்களை ஒரு வருடம் போலக் கழுவாமல் வைத்திருப்பார். 1984இல் அவர் இறந்தபோது கழுவாத சுருள்கள் மட்டும் ஏறக்குறைய 2,500 இருந்தன. உங்கள் ஆட்கள் அவ்வளவு தள்ளிப்போட வேண்டாம், படத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு வாரம் பொறுத்தால் போதும்.

ஆகவே அந்தப் பையனுக்குப் போன் போடுங்கள். சமாதானமெல்லாம் வேண்டாம், அன்றைக்கு எடுத்த மற்ற படங்களை அனுப்பச் சொல்லுங்கள்.

ஓர் இடத்தில் மட்டும் இதெல்லாம் செல்லாது. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறைக்கு உங்கள் ஆட்கள் கண்டிப்பாகப் போவார்கள். ஈரத் துணியோடு படியேறும் பெண்ணைத் தூரத்திலிருந்து டெலி லென்ஸில் எடுத்த படம் வந்தால் எதை எங்கே வைத்தான் என்று கம்போசிஷனைப் பற்றிப் பேசாதீர்கள். ‘வெளிச்சம் நன்றாக இருக்கிறது, ஆனால்’ என்று ஆரம்பித்தாலும் போச்சு, முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு அடுத்த வாரமும் போவான். தனியாகக் கூப்பிட்டு நீக்கச் சொல்லுங்கள். குழுவில் திட்டினால் பார்க்காதவர்களும் தேடிப் பார்ப்பார்கள். ‘பொது இடம்தானே சார்’ என்பான். பொது இடம்தான். அந்தப் படத்தை அந்த அம்மாவிடமே கொண்டுபோய்க் காட்ட முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால் காட்டட்டும், அவர் சரி என்றால் போடட்டும். ஆண் என்றால்? அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு அழுகிறவருக்கும் இதே கேள்விதான். எடுத்தபிறகு கேட்டது என்றால்? அதுவும் சரிதான், தெருவில் பல நேரம் அப்படித்தான் முடியும். ஆனால் ‘பார்த்துச் சிரித்தார்கள்’ என்பது அனுமதி ஆகாது. படம் மிக அழகாக இருந்தால்? அழகாக இருப்பதால்தான் பரவும், அதனால்தான் நீக்கச் சொல்கிறேன்.

இந்த மாதிரிப் படங்கள் எங்கிருந்து வருகின்றன என்றும் யோசியுங்கள். போட்டோகிராஃபி அமைப்புகள் தரும் பட்டத்தை வாங்க, இத்தனை சலோனில் (போட்டிக் கண்காட்சியில்) இத்தனை அக்செப்டன்ஸ், அதாவது தேர்வான படம், என்று ஒரு கணக்கு இருக்கிறது. நுழைவுக் கட்டணம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவர்கள் ஒரு படத்தைச் சில நொடி பார்த்து மார்க் போடுகிறார்கள். சில நொடியில் கண்ணில் படுவது சுருங்கிய முகம், சாமியார் தாடி, புகை, படித்துறை. பையன்களும் அதையே எடுத்து அனுப்புகிறார்கள். மூன்று பேர் உட்கார்ந்து மார்க் பொத்தானை அழுத்துவதற்கு விமர்சனம் என்று பெயர்!

அதைவிட மோசம் இன்பாக்ஸில் வருகிற ஆட்கள். நீங்கள் குறை சொன்ன அன்றைக்குத்தான் ‘உங்கள் படம் சர்வதேச விருதுக்குத் தேர்வாகியிருக்கிறது’ என்று அவனுக்கு மெயில் வரும். படத்துக்கு இவ்வளவு என்று கட்டணம், கட்டினால் ஏறக்குறைய எல்லோருக்கும் ‘சிறப்புப் பாராட்டு’. சான்றிதழ் பிடிஎஃபில் வரும், கோப்பைக்குத் தனிக் காசு, படம் அச்சான புத்தகத்தையும் காசு கொடுத்து வாங்க வேண்டும். விதிமுறையின் கடைசியில், படத்தை விளம்பரம் உட்பட எதற்கும் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். உலகப் பத்திரிகைப் படங்களுக்கான வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டிக்கே நுழைவுக் கட்டணம் கிடையாது. அப்படியிருக்க, பெயர் தெரியாத ஒருவருக்கு எதற்குக் காசு? பணம் வாங்கிக்கொண்டு இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ‘ஃபீச்சர்’ போடுகிறவர்களும், ‘ஸ்ட்ரீட் மூட்’ என்று பிரீசெட் (ஒரே தட்டில் படத்தின் நிறத்தை மாற்றும் ஆயத்த அமைப்பு) விற்கிறவர்களும் இதே வகைதான்.

அந்தக் காசுக்கு ஆளுக்கு நாலு படத்தை 4x6 பிரிண்ட் போட்டு வரச் சொல்லுங்கள். டீக்கடை மேஜையில் பெயர் எழுதாமல் பரப்பி, எல்லோரும் முதலில் கண்ணில் பட்டதைச் சொல்லி முடிக்கும்வரை எடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது. நீங்கள் கடைசியில் பேசுங்கள்.