தம்பியின் மலத்தை வீட்டிலேயே ஏற்றிக்கொள்ளலாமா?

கேள்வி: பல் சிகிச்சைக்குச் சாப்பிட்ட ஆன்டிபயாடிக்கால் 'சி. டிஃபிசில்' குடல் தொற்று வந்தது. குணமாகி, மூன்றாம் முறையும் திரும்பிவிட்டது. ஆரோக்கியமான ஒருவரின் மலத்தைக் குடலில் செலுத்தும் மல மாற்றுச் சிகிச்சை செய்யலாம் என்கிறார் மருத்துவர். கொடுப்பவரின் நோயும் உடல் பருமனும் எனக்கு வந்துவிடுமா? என் தம்பி ஆரோக்கியமானவன். வீடியோ பார்த்து வீட்டிலேயே எனிமாவாக ஏற்றிக்கொள்ளலாமா? அதுவரை பேதியை நிறுத்த லோப்பரமைடு போடலாமா?

பதில்: இரண்டும் கூடாது. லோப்பரமைடை முதலில் தூர எறியுங்கள். இந்தத் தொற்றில் நான் அஞ்சுவது பேதியைப் பார்த்தல்ல. பேதி திடீரென்று நின்று, வயிறு உப்பி, காய்ச்சலும் படபடப்பும் சேர்ந்துகொள்வதைப் பார்த்துத்தான். கிருமியின் நச்சால் பெருங்குடல் செயலிழந்து வீங்கத் தொடங்கியிருக்கலாம்; விட்டுவைத்தால் வெடித்துவிடலாம். பலர் "பேதி நின்றுவிட்டது" என்று நிம்மதியாகப் படுத்துவிடுகிறார்கள். அப்படி நேர்ந்தால் விடியும்வரை காத்திருக்காமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

தம்பி ஆரோக்கியமானவர் என்பது உங்கள் நம்பிக்கை, பரிசோதனை முடிவல்ல. அமெரிக்காவில், எதிர்ப்பாற்றல் குன்றிய இருவருக்கு மாற்று மலத்தின் வழியே மருந்துக்கு அடங்காத ஈ. கோலை கிருமி பரவியது, ஒருவர் இறந்தார். அந்தக் கிருமி இருக்கிறதா என்று மலத்தைச் சோதித்திருக்கவில்லை. 2019-இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்த பிறகு அந்தச் சோதனை கட்டாயமானது. ஹெச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள், ஒட்டுண்ணிகள் எல்லாவற்றையும் பார்த்த பிறகே மலத்தை ஏற்பார்கள். தம்பி அதில் தேறினால் அவரே கொடுக்கட்டும், மருத்துவமனையில். வீடியோ போட்டவர் எதைச் சோதித்தார்?

பருமன் பயத்தை விடுங்கள். சிகிச்சைக்குப் பின் ஒரு பெண்மணிக்கு எடை கூடியதாக வந்த ஒற்றைக் குறிப்பை இணையம் ஊதிப் பெருக்கியிருக்கிறது. மாற்றுச் சிகிச்சைதான் காரணம் என்று நிறுவப்படவில்லை.

உங்கள் மருத்துவர் சொன்னதில் தவறில்லை. ஆன்டிபயாடிக் கிருமியைக் கொன்றாலும் அதன் வித்துகள் பிழைத்துக் கிடக்கும். அவற்றை முளைக்கவிடாமல் தடுக்கும் குடல் பாக்டீரியாக்களையும் அதே மருந்து அழித்துவிடும். அதனால்தான் தொற்று திரும்பத் திரும்ப வருகிறது. 2013-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், மல மாற்று பெற்ற 16 பேரில் 13 பேர் ஒரே தடவையில் குணமடைந்தார்கள். இந்தத் தொற்றுக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக்கான வான்கோமைசின் மட்டும் பெற்ற 13 பேரில் 4 பேர்தான். அருவருப்பாக இருந்தால், கொலனோஸ்கோப்பி (பெருங்குடலுக்குள் விடும் கேமராக் குழாய்) வழியே செலுத்தும்போது மயக்கத்தில் இருப்பீர்கள். மாத்திரை வடிவமும் வந்துவிட்டது.

குணமான பிறகு "கிருமி போய்விட்டதா" என்று நீங்களாகச் சோதனைக்கு ஓடாதீர்கள். பேதி இல்லாதவருக்கும் சில வாரங்கள் பாசிட்டிவ் காட்டும். கழிப்பறைக்குப் போய் வந்தால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சானிடைசருக்கு இந்த வித்துகள் சாகாது.