ஆற்றங்கரையில் துப்பறியக் கிளம்பும் பிள்ளைகள்

கேள்வி: மகனுக்கு 11 வயது, மகளுக்கு 8. கோடை விடுமுறையில் ‘ஃபேமஸ் ஃபைவ்’ தொடரை விடாமல் பார்க்கிறார்கள். இப்போது தாங்களும் துப்பறிகிறோம் என்று டார்ச்சும் கயிறுமாகக் காவிரிப் பக்கம் போய்விடுகிறார்கள். தொடரை நிறுத்திவிடலாமா? — ஒரு தாய், திருவையாறு

பதில்: தொடரை நிறுத்த வேண்டாம், அம்மா. ஆற்றுக்குத் தனியாகப் போவதை மட்டும் இன்றைக்கே நிறுத்துங்கள். கோடையில் ஆறு மணலாகக் கிடப்பதால் நமக்குப் பயம் விட்டுப்போகிறது. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-இல் திறப்பார்கள். கல்லணையில் பிரிந்து தண்ணீர் நம் ஊருக்கு வந்துவிட்டால், நேற்று கிரிக்கெட் ஆடிய இடத்தில் இன்று ஆறு ஓடும். மணல் அள்ளிய பள்ளங்கள் அதற்குள் மறைந்திருக்கும். இதைப் பையனிடம் காரணத்தோடு சொல்லுங்கள். “போகாதே” என்று மட்டும் சொன்னால் அதுவே அவனுக்கு ஒரு மர்மமாகிவிடும்.

இனி தொடர். எனிட் பிளைட்டன் 1942 முதல் 1963 வரை எழுதிய 21 நாவல்கள்தான் மூலம். 1978-79இல் வந்த தொடர் சின்னச் சின்ன அத்தியாயங்கள். 2023-இல் பிபிசி எடுத்தது ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். எட்டு வயதுக்கு அது நீளம், முதல் தடவை பக்கத்தில் உட்காருங்கள். குற்றவாளி யார் என்று தெரியப்போகிற நேரத்தில் படத்தை நிறுத்தி, “யார்? எதை வைத்துச் சொல்கிறாய்?” என்று கேளுங்கள். இந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம். மூல நாவல்களில் சமையலும் பாத்திரமும் பெரும்பாலும் அந்த ஐவரில் ஒருத்தியான ஆன்னி தலையில்தான் விழும். ஜார்ஜ் என்ற பெண்ணோ, பையன்கள் செய்வதெல்லாம் தானும் செய்வேன் என்று நிற்பவள். உங்கள் மகள் யார் பக்கம் என்று கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், அவர்களுக்கு ஒரு நிஜ வழக்கு வேண்டும். அது தஞ்சாவூரிலேயே இருக்கிறது. 1010-இல் கட்டி முடித்த பெரிய கோயிலின் விமான நிழல் தரையில் விழாது என்று நாம் எல்லோருமே கேட்டு வளர்ந்தோம். உண்மையா என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். காலையில் சீக்கிரமே கூட்டிப் போங்கள், கல்லும் காலைச் சுடாது. விமானத்துக்குப் பின்னால், மேற்குப் பக்கத்தில் நின்று தரையைப் பார்க்கச் சொல்லுங்கள். நிழல் நன்றாக நீண்டு விழுந்திருக்கும்! பார்த்த நேரத்தையும் நிழல் எட்டிய இடத்தையும் நோட்டில் எழுதட்டும்.

பிறகு ஏன் அப்படி ஒரு பேச்சு வந்தது? விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். வீட்டு மொட்டைமாடியில் களிமண்ணால் அகலமான அடியும் கூரிய உச்சியுமாக ஒரு கோபுரம் பிடித்து வைக்கட்டும். சித்திரை உச்சிவெயிலில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே நிற்கும். அப்போது உச்சியின் நிழல் கோபுரத்தின் மேலேயே விழுந்து, அடியைத் தாண்டி வெளியே வராது. சாயங்காலம் அதே கோபுரத்தைப் பார்த்தால் மீதி புரிந்துவிடும்.

சரி, தொடரில் வரும் டிம்மி மாதிரி நாய் வேண்டும் என்றும் கேட்பார்கள். தெருக்குட்டியை எடுத்து வளர்ப்பதென்றால் முதல் வேலை கால்நடை மருத்துவமனை, வெறிநாய்த் தடுப்பூசி. விளையாட்டில் நகம் கீறினாலும் மறைக்காமல் உங்களிடம் வந்து சொல்ல வேண்டும் என்று இருவரிடமும் சொல்லிவையுங்கள்.